தேக்சாவுக்கு ஐந்து பேர்

1

என் மகளிடம் நான் சொன்ன பொய்களிலேயே கனமானது பன்னிரண்டு கிலோ.

இருபத்து மூன்று வருடமாக ஜெர்மனியில் ஹனோவர் என்கிற ஊரில் இருக்கிறேன். குளிர்காலத்தில் அங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும். அப்போதிலிருந்து எட்டு மணி வரைக்கும் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கதை சொல்லியாக வேண்டும். ராஜா கதை தீர்ந்தது. நரிக் கதை தீர்ந்தது. ஒரு நாள் வேறு வழியில்லாமல் என்னையே கதாநாயகனாக்கிவிட்டேன்.

தி.நகரில் என் நண்பன் பாலாஜியின் அக்காவுக்குக் கல்யாணம். மறுநாள் கறி விருந்து. சமையல்காரர் வரவில்லை. முந்நூறு பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டத்திலிருந்து ஓர் இளைஞன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வருகிறான். அடுப்பைப் பற்ற வைக்கிறான். பிரியாணி போடுகிறான்.

சமையல்காரர் அன்று சரியான நேரத்துக்கே வந்தார் என்பதையும், எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை வேறு என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என்ன வேலை என்பது பிறகு.

கதையில் முதலில் ஐந்து கிலோ அரிசிதான் இருந்தது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊருக்குச் சொல்லும் சம்பளம் மாதிரி அது வருடா வருடம் ஏறியது. மகள் கயலுக்குப் பத்து வயதாகும்போது பன்னிரண்டு கிலோவில் வந்து நின்றது.

இப்போது அவளுக்குப் பதினெட்டு. இந்த இலையுதிர் காலத்தில் படிக்க வேறு ஊருக்குப் போகிறாள். போவதற்கு முன் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நண்பர்களுக்கு ஒரு விருந்து. மூன்று வார விடுமுறைக்குச் சென்னை வந்து இறங்கிய மறுநாள் காலை, அடையாறில் எடுத்திருந்த வாடகை ஃபிளாட்டில் காபி குடித்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, விருந்தில் பிரியாணி நீங்கள்தான் சமைக்கிறீர்கள். எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு கிலோ தேவையில்லை. மூன்று போதும்."

அவள் தமிழ் அப்படித்தான் இருக்கும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. முந்தின நாள் ஆட்டோவில் "ஐயா, அடுத்த வளைவில் நிறுத்துங்கள்" என்றாள். செய்தி வாசிக்கிறவர் யாரோ ஏறிவிட்டார் என்று டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

எனக்குச் செய்யத் தெரிந்தவை மூன்று: டீ, ரொட்டி வாட்டுவது, சாக்குச் சொல்வது. அன்று மூன்றாவதும் வரவில்லை. "ஜமாய்ச்சிரலாம்" என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவி சுமதிக்கு எல்லாம் தெரியும். பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று மெதுவாகச் சொன்னாள். "மூணு வாரம் இருக்கு. ஒண்ணு கத்துக்குங்க, இல்ல ஒத்துக்குங்க."

"எது சுலபம்?"

"மத்தவங்களுக்கா, உங்களுக்கா?"

2

சமையல் வகுப்பு எனக்குப் புதிதில்லை. அந்த அவமானத்தையும் சொல்லிவிட வேண்டும்.

ஹனோவரில் நகராட்சி நடத்தும் மாலை வகுப்புகள் உண்டு. தையல், யோகா, மரவேலை, சமையல், எல்லாம். ஆறு வருடத்துக்கு முன் அதில் "இந்தியச் சமையல்" என்று ஒன்று கண்ணில் பட்டது. யாருக்கும் தெரியாமல் சேர்ந்தேன். கட்டணம் நாற்பத்தெட்டு யூரோ. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: மளிகைச் செலவு பதினான்கு யூரோ, சமைக்கும் அன்று ரொக்கமாக. அதற்கும் கீழே: இரண்டு துணி, ஒரு டப்பா, கூரான கத்தி ஒன்று கொண்டுவரவும். அதற்கும் கீழே: ஒரு வாரத்துக்கு முன் சொல்லாமல் விலகினால் பணம் திரும்பாது. ஜெர்மானியர்கள் எதையும் மறைக்க மாட்டார்கள். படிக்கிறவன் களைத்துப்போகிற அளவுக்குச் சொல்லிவிடுவார்கள்.

போனேன். பன்னிரண்டு பேர், எல்லாரும் ஏப்ரன் கட்டியிருந்தார்கள். கேரளாவில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த ஓர் அம்மாள்தான் ஆசிரியை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "ஆகா, இன்று நமக்கு அதிர்ஷ்டம். கடுகு தாளிப்பதை இவரே செய்து காட்டுவார்" என்றார்.

பன்னிரண்டு ஜோடிக் கண்கள். ஒரு கரண்டி எண்ணெய். நான் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்து, "என்னது, ஆஸ்பத்திரியா?" என்று தமிழில் அலறிக்கொண்டே வெளியே வந்து டிராம் ஏறிவிட்டேன். டப்பா, துணி, கத்தி எல்லாம் அங்கேயே தங்கிவிட்டன. அறுபத்திரண்டு யூரோவுக்கு நான் கற்றுக்கொண்டது டிராம் வரும் நேரம் மட்டும்தான்.

ஆகவே இந்த முறை சொந்த ஊரில், தெரிந்த பாஷையில், சத்தமில்லாமல் கற்றுக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்தேன். ஃபிளாட்டில் பழகிப் பார்க்க வழியில்லை. சாவி கொடுக்கும்போதே வீட்டுக்கார மாமி, "இந்த ஆத்துல முட்டை கூட உடைக்கப்படாது, சொல்லிட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டிருந்தார். வீடியோக்கள் பார்த்தேன். எல்லாரும் "தேவையான அளவு" என்றார்கள். தேவையான அளவு தெரிந்தவன் ஏன் வீடியோ பார்க்கிறான்?

விசாரித்ததில் ஆழ்வார்பேட்டையில் ஒரு மொட்டை மாடி கிடைத்தது.

3

ஷபானாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் வீட்டில் இரண்டு தலைமுறையாகக் கல்யாணப் பிரியாணி ஆர்டர் எடுக்கிறார்கள். வார நாட்களில் ஆர்டர், சனிக்கிழமை காலையில் வகுப்பு. மாடியில் தகரக் கூரை, செங்கல் அடுப்பு, கவிழ்த்து வைத்த தேக்சாக்கள். தேக்சா என்றால் பிரியாணி போடும் அகலமான பெரிய பாத்திரம். கவிழ்த்து வைத்தால் உட்காரும் ஸ்டூல்.

ஒரு தேக்சாவின் மேல் உட்கார்ந்து, "தலைக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டேன்.

"தலைக்குக் கணக்கு இல்லண்ணா. தேக்சாவுக்குத்தான் கணக்கு. மூணு கிலோ தேக்சா, ஒம்பதாயிரம். அஞ்சு பேர் வந்தா அஞ்சா பிரிச்சிக்குங்க."

"சின்னதா, அரைக் கிலோ மாதிரி..."

"அது தக்காளி சாதம்ணா. அதுக்கு எதுக்கு என்கிட்ட வர்றீங்க?"

வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு மண்டைக்குள் ஒரு கால்குலேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அது உடனே நூறால் வகுத்தது. தொண்ணூறு யூரோ. ஐந்தாகப் பிரித்தால் பதினெட்டு. நான் கடுகு தாளிக்காமல் ஓடிவந்ததற்கே அதைவிட மூன்று மடங்கு கொடுத்திருக்கிறேன். அப்படியே சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டால் வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடுமே என்று ஒரு பயம்.

"ஏழாயிரம் வெச்சிக்கலாமே" என்றேன்.

ஷபானா கோபப்படவில்லை. விரல் விட்டு எண்ணினார். "கறி மட்டும் மூவாயிரம். அரிசி, எண்ணெய், நெய், மசாலா சேர்த்து ரெண்டாயிரம் தாண்டிருது. கரி, விறகு தனி. தேக்சா தேய்க்கிற அம்மாவுக்கு ஐந்நூறு, அவங்க இல்லாம நான் அடுப்பே பத்த வெக்க மாட்டேன். மிச்சம் இருக்கறது எனக்கு. அதுல எதைக் குறைக்கலாம் சொல்லுங்க, குறைச்சிரலாம்."

குறைக்கக்கூடியது என் வாய் ஒன்றுதான். "இல்லம்மா, சரியாத்தான் இருக்கு. தேங்க்ஸ்" என்றேன்.

"எந்த நாட்டுல இருக்கீங்கண்ணா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பேரம் பேசித் தோத்துட்டு தேங்க்ஸ் சொன்னீங்களே. நம்ம ஊர்க்காரங்க முறைச்சிட்டுப் போவாங்க."

வேஷம் கலைந்தது. விஷயத்தைச் சொன்னேன். மகள், விருந்து, பன்னிரண்டு கிலோ, எல்லாம். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, "ஒம்பதாயிரமும் நானே குடுத்துடறேன். எனக்கு மட்டும் தனியாச் சொல்லிக் குடுத்துருங்க. வெளிய தெரியக் கூடாது" என்றேன்.

"பணம் நீங்க ஒருத்தரே குடுத்துரலாம்ணா. தேக்சாவை யார் தூக்குவா?" அவர் அடுப்பைக் காட்டினார். "சோத்துப் பாத்திரம் கொதிக்கக் கொதிக்க ரெண்டு பேர் தூக்கணும். ஒருத்தர் வடிக்கிற கூடையைப் பிடிக்கணும். ஒருத்தர் மசாலா அடி பிடிக்காம கிண்டிக்கிட்டே இருக்கணும். ஒருத்தர் புதினா, வெங்காயம் தூவணும். எல்லாம் ஒரே நிமிஷத்துல. நான் நின்னு சொல்லுவேன், கை வெக்க மாட்டேன். கை வெச்சா நீங்க கத்துக்க மாட்டீங்க. போன வாரம் ஒரு புது ஜோடி பேர் குடுத்திருக்காங்க, கனடா போறாங்களாம். நீங்க மூணு. இன்னும் ரெண்டு பேரக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா வகுப்பு இல்ல."

இரண்டு பேர்தானே என்று படியிறங்கினேன். பிறந்து வளர்ந்த ஊர்.

4

முதலில் போனில் பேசுவதற்கு ஒரு நம்பர் வேண்டியிருந்தது. தி.நகரில் ஒரு கடையில் சிம் கேட்டேன். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்த பையன், "சார், ஃபாரினர் கணக்குல வருது. லோக்கல்ல உங்களைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் நம்பர் குடுங்க. அவங்களுக்கு ஓடிபி போகும்" என்றான்.

அந்தக் கடையிலிருந்து மூன்றாவது தெருவில் நான் ஏழு வருடம் குடியிருந்திருக்கிறேன். பாலாஜியின் நம்பரைக் கொடுத்தேன். பாலாஜி தரமணியில் ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிறான், எப்போதும் மீட்டிங். நாற்பது நிமிடம் கழித்து ஓடிபியை அனுப்பினான். அது பத்து நிமிடத்தில் காலாவதி ஆகிற வகை. இரண்டாவது ஓடிபி, மூன்றாவது ஓடிபி. மாலை ஐந்து மணிக்கு நான் இந்த ஊருக்குத் தெரிந்தவன் என்று நிரூபணமானது.

பிறகு வரிசையாகப் போன் செய்தேன். கிரிக்கெட் ஆடிய ஒருவன் இப்போது மாமிசம் தொடுவதில்லை, பாலும் தொடுவதில்லை, என்னோடு பேசவும் அவ்வளவாக விருப்பமில்லை. ஒருவன் போனை எடுத்து, "மச்சி, நான் டல்லாஸ்ல இருக்கேன்டா, இங்க ராத்திரி மூணு மணி" என்றான். ஒருவனுக்குச் சர்க்கரை. ஒருவனுக்குச் சம்பந்தி வீட்டு விசேஷம். இன்னொருவன் மிகுந்த அன்போடு, "யாரு?" என்றான். வெறும் இரண்டு பேர். ஹனோவரில் உட்கார்ந்துகொண்டு "எனக்கு ஊர் முழுக்க ஆளு" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

பாலாஜியைத்தான் கடைசியில் மிரட்ட வேண்டியிருந்தது. "உங்க அக்கா கல்யாணத்தை வெச்சித்தான்டா நான் பொய் சொன்னேன். உனக்கும் பங்கு இருக்கு."

"டேய், அன்னிக்கு உன்னைச் செருப்புக்குத்தானேடா நிக்க வெச்சோம்?"

"வர்றியா இல்லியா?"

"வரேன்டா. சனிக்கிழமைதானே. வெச்சிரு."

ஆமாம், அதுதான் வேலை. மண்டப வாசலில் விருந்தாளிகளின் செருப்பு காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வது. எப்படியும் தெரிந்துவிட்டது, விடுங்கள்.

ஐந்தாவது ஆள் எங்கள் தெருமுனையில் கிடைத்தார். பிலோமினா அக்கா, ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து காலையில் மீன் கூடையோடு வந்து வேப்ப மரத்தடியில் உட்காருகிறவர். மீன் வாங்காமல் தினமும் பேசிவிட்டு மட்டும் போகிற என்னை அவர் ஏற்கெனவே கவனித்து வைத்திருந்தார்.

"இன்னா நைனா, மூஞ்சி வாடிக் கீது? ஊட்ல சண்டையா?"

சொன்னேன்.

"அஞ்சாவது ஆளு இல்லாமயா பிரியாணி நிக்குது? இம்மாம் பெரிய ஊர்ல?"

"ஆமாக்கா."

"சனிக்கெயம பத்து மணிக்கு என் கூடை காலியாயிடும். நான் வரேன். துட்டு நீ குடு, கை நான் குடுக்கறேன். ஆனா ஒண்ணு, எனக்கு மீனுதான் தெரியும். கறி சரியில்லன்னா என் மேல பாயக்கூடாது."

அன்று அவர் சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா? இருபத்து மூன்று வருடத்தில் யாரும் என்னிடம் அவ்வளவு சுருக்கமாகச் சரி என்று சொன்னதில்லை.

5

சனிக்கிழமை பத்தரை. மாடியில் கனடா ஜோடி ஏப்ரனோடு செல்பி எடுத்துக்கொண்டிருந்தது. பிலோமினா அக்கா கத்தியின் கூர் சரியில்லை என்று படிக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். என் போனில் பாலாஜி.

"மச்சி, கிளையன்ட் கால்டா. பணம் அனுப்பிட்டேன், பாரு. என்னை விட்ருடா."

பணம் வந்திருந்தது. ஆயிரத்தெண்ணூறு ரூபாயால் பாத்திரத்தின் காதைப் பிடிக்க முடியுமா?

ஷபானா கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணு வரைக்கும் பாக்கறேன்ணா. கறி வெட்டி வந்தாச்சு. ஆள் வரலன்னா இதை எங்க ஆர்டருக்கு எடுத்துக்கறேன், உங்க காசைத் திருப்பிக் குடுத்துடறேன்." அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு விமானம். சுமதி மயிலாப்பூரில் தங்கை வீட்டில். ஊரில் எனக்குத் தெரிந்த, சும்மா இருக்கிற, இரண்டு கையுள்ள ஒரே ஆள் அடையாறில் ஃபிளாட்டில் சோபாவில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

மாடியில் வெயில். மறுபடியும் அடிக்காத போனைக் காதில் வைத்து, ஆஸ்பத்திரி என்று அலறிக்கொண்டு இறங்கி ஓடிவிடலாமா என்று ஒரு கணம் படிக்கட்டைப் பார்த்தேன். படிக்கட்டில் பிலோமினா அக்கா கத்தியோடு உட்கார்ந்திருந்தார்.

போன் செய்தேன். "கயல், உடனே ஆழ்வார்பேட்டைக்கு வர முடியுமா? லொகேஷன் அனுப்பறேன்."

"எதற்கு அப்பா?"

"பிரியாணி வகுப்பு. ஒரு ஆள் குறையுது."

"யார் கற்றுக்கொள்கிறார்கள்?"

நான் மாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "நான்."

கீழே ஒரு பஸ் போனது. பிறகு, "ஏப்ரன் நான் கொண்டுவர வேண்டுமா?" என்றாள்.

பத்து ஐம்பத்தைந்துக்கு ஆட்டோவிலிருந்து இறங்கி மாடியேறி வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தலைமுடியைக் கட்டிக்கொண்டு பிலோமினா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள்.

"உங்கள்ல யாராவது முன்னாடி பிரியாணி போட்டிருக்கீங்களா?" என்றார் ஷபானா, எல்லாம் தெரிந்துகொண்டே.

கயல் நிமிரவில்லை. "என் அப்பா போட்டிருக்கிறார். பன்னிரண்டு கிலோ."

"அப்ப அண்ணா உப்புப் பாக்கட்டும்."

அரிசி போடுவதற்கு முன் கொதிக்கிற தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தார். கனடா ஜோடி மரியாதையோடு விலகி நின்றது. ஊதிக் குடித்தேன். கரித்தது. "உப்பு ஜாஸ்தி. தண்ணி ஊத்துங்க" என்றேன், பன்னிரண்டு கிலோ போட்டவனின் நிதானத்தோடு.

ஷபானா கரண்டியை பிலோமினா அக்காவிடம் நீட்டினார். அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடித் திறந்தார். "சோத்துத் தண்ணி கடல் மாரி கரிக்கணும், அப்பத்தான் அரிசி உப்பு புடிக்கும். இது நம்ம கடலுக்கு ஒரு கை கம்மி. போடு இன்னும்." பிறகு என் பக்கம் திரும்பி, "பன்னெண்டு கிலோ எந்தக் கடலாண்ட போட்ட நைனா?" என்றார்.

மாடி மொத்தமும் சிரித்தது. கயலும் சிரித்தாள். வெங்காயக் கண்ணீரோடு சிரித்ததால் எந்தப் பக்கம் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

சோறு முக்கால் பதம் வந்தது. ஷபானா பின்னால் நகர்ந்து கையைக் கட்டிக்கொண்டார். அக்கா மசாலாவைக் கிண்டினார். கனடாக் கணவன் கூடையைப் பிடித்தான், மனைவி புதினாவோடு நின்றாள். பாத்திரத்தின் ஒரு காது எனக்கு, ஒரு காது கயலுக்கு. பழந்துணியைச் சுற்றிப் பிடித்தோம். நான் "ஒண்ணு, ரெண்டு" என்றேன். அவள் "ஐன்ஸ், ட்ஸ்வை" என்றாள். அவசரத்தில் அவளுக்கு ஜெர்மன்தான் வரும். மூன்றாவது எண்ணுக்குப் பாத்திரம் கோணாமல் எழுந்தது.

தம் போட்டு மூடி மேல் கரி நெருப்பை அள்ளி வைத்தாயிற்று. இனி அரை மணி நேரம் யாரும் தொடக் கூடாது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நானும் கயலும் ஆளுக்கொரு தேக்சாவைக் கவிழ்த்து உட்கார்ந்தோம்.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"எட்டு வயதில். ஐந்து கிலோ ஏழு கிலோ ஆனபோது."

"அப்புறம் ஏம்மா கேட்டுக்கிட்டே இருந்த?"

"பன்னிரண்டு வரை எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று பார்க்க நன்றாக இருந்தது."

"தெரிஞ்சுமா எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிட்ட?"

"எப்படித் தப்பிப்பீர்கள் என்று பார்க்க நினைத்தேன்." கையிலிருந்த மஞ்சள் கறையைத் தேய்த்தாள். "நீங்கள் தப்பிக்காமல் போன் செய்வீர்கள் என்று நினைக்கவில்லை."

நான் தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அந்தக் கல்யாணத்தில் உண்மையில் என்ன செய்தீர்கள்?"

"செருப்பைப் பாத்துக்கிட்டேன். வாசல்ல."

"எத்தனை?"

"முந்நூறு ஜோடி."

திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை அவள் அம்மாவுடையது.

"நூத்தியிருபது" என்றேன்.

"சரி. நூற்றிருபதை நம்புகிறேன்."

6

இதை ஹனோவரில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே மழை. நாளைக்கு நின்றுவிடும் என்கிறார்கள், இந்த ஊரில் மழை கூடச் சொன்னபடி நடக்கும். நாளை மதியம்தான் விருந்து. பாத்திரம் வாடகைக்கு வந்திருக்கிறது. துருக்கிக் கடையில் கறி சொல்லியாயிற்று. உப்புதான் கவலை. இங்கிருந்து கடல் இரண்டு மணி நேரம். சரிபார்க்க பிலோமினா அக்காவும் இல்லை.

கயல் நண்பர்களுக்கு அனுப்பிய அழைப்பை எனக்குக் காட்டினாள். விருந்துக்குக் கட்டணம் இல்லை, பரிசும் வேண்டாம், ஆனால் நான்கு பேர் காலை பத்து மணிக்கே இரண்டு கையோடு வர வேண்டும், ஐந்தாவது ஆள் வீட்டிலேயே இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாள். அரை மணி நேரத்துக்குள் ஒன்பது பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அழைப்பின் கடைசி வரி என்னைப் பற்றியது. "என் அப்பா இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பிரியாணி சமைத்திருக்கிறார். ஆனால் ஒரு கல்யாணத்தில் நூற்றிருபது ஜோடி செருப்பை ஒன்றுகூடத் தொலையாமல் காத்தவர். நம்பி வரலாம்."

படித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்ல? உண்மையில் எண்பது ஜோடிதான் இருக்கும். அதிலும் இரண்டு தொலைந்துபோயின.